ரப்பர் அக்கா துடைத்த சிவப்புப் புள்ளி

ரப்பர் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் நான் கேட்க வேண்டிய மன்னிப்புகளின் வரிசையில் அது கடைசியில்தான் நிற்கிறது.

எங்கள் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே டயர் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், அதற்கு மேல் நாங்கள். டாக்டரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு மாடி கூடுதலாக ஏறி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பொறுப்பு.

கணினியில் படம் செய்வது எங்கள் பிழைப்பு. அஸ்திவாரம் கூடத் தோண்டாத வீட்டின் கூடத்தில் காலை வெயில் விழுவதைக் காட்டுவோம். கட்டப்போகிற ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் ஆட்களை உட்கார வைப்போம். அந்தப் படங்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்கிறவன் நான். நாற்காலி, தண்ணீர்க் குழாய், கதவுக் கைப்பிடி, சுவிட்ச், எதைக் கேட்டாலும் திரையில் செய்து வைப்பேன். நான் செய்த சாமான் ஒன்றையும் மறக்கமாட்டேன் என்று பெருமை அடித்துக்கொள்வதும் உண்டு. அந்தப் பெருமை இந்தக் கதைக்குத் தேவைப்படும்.

எனக்குப் பின்னால், என் முதுகுக்குத் தன் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தவர்தான் ரப்பர் அக்கா. படங்களில் வந்து விழும் மின்மினிகளைத் துடைப்பது அவர் வேலை.

மின்மினி என்றால் பூச்சி இல்லை. கணினி வெளிச்சத்தை நம்மைப் போல் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான கதிர்களைக் குத்துமதிப்பாக எறிந்து, எது எங்கே பட்டுத் திரும்புகிறது என்று பார்த்து, சராசரி எடுத்துத்தான் ஒரு நிறத்துக்கு வரும். அதில் ஏதோ ஒரு கதிர் தப்பித் தவறி நேராக ஒரு விளக்கில் போய் மோதிவிட்டால் போச்சு. இருக்கவே கூடாத இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று வந்து உட்கார்ந்துவிடும். சோபாவின் நடுவில், சுவரில், குழந்தையின் கன்னத்தில். பெயர் என்னவோ அழகுதான். அதைப் பார்த்தாலே எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதை ஒழிக்க வழிகள் இருக்கின்றன. இன்னும் நிறையக் கதிர்களை எறியவிட்டால் தானாகக் குறையும், ஆனால் பத்து நிமிடத்தில் வரவேண்டிய படம் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் உச்சவரம்பு வைக்கலாம். இதற்கு மேல் எதுவும் பிரகாசமாக இருக்கக் கூடாது என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும், அதைத் தாண்டியதையெல்லாம் கணினி தலையில் தட்டி உட்கார வைத்துவிடும். வேகமான வழி, ஆனால் கண்மூடித்தனமானது. அக்காவுக்கு இரண்டும் பிடிக்காது. ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்து நிறத்தைத் தொட்டு அதன்மேல் பூசி, கையால் துடைப்பார்.

அதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஓடும் படம் என்றால் ஒரு நொடிக்கு இருபத்தைந்து தனிப்படங்கள். ஒரு படத்தில் புள்ளியைப் பார்த்ததும் அதற்கு முந்தைய படத்தையும் அடுத்த படத்தையும் திறந்து பார்ப்பார். மின்மினி என்றால் ஒன்றில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. நிஜ விளக்கு என்றால் மூன்றிலும் இருக்கும். அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால், அந்த இடத்தில் சாமான் செய்தவரிடம் கேட்பார். கேட்காமல் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒரு மூக்குக் கண்ணாடி கண்ணில், இன்னொன்று கழுத்துக் கயிற்றில். கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே நம் மேசையில் இருக்கும் டீக்கறையைத் துடைப்பார். சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பார். ஒருமுறை நான் சமையலறைப் படம் ஒன்றுக்காக அரும்பாடுபட்டு ஓர் எறும்பைச் செய்து வைத்திருந்தேன். அக்கா என் திரைப் பக்கம் குனிந்து, பேச்சை நிறுத்தாமலே, அதை விரலால் தட்டிவிடப் பார்த்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான் ரப்பர். மதியச் சாப்பாட்டுக்குள் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வச்சுக்கோ, பரவால்ல. எழுதினவன் பேரு நிக்கும். அழிச்சவ பேரு எங்க நிக்கப் போகுது?" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மாதத்துக்கு ஒருமுறை படுத்துக்கொள்ளும், அதை எழுப்ப அவர்தான் வருவார். கையில் கிரீஸோடு எங்கள் வாசலில் வந்து நின்று, மனைவியின் காதில் விழும்படி என்னிடம் பேசுவார்.

"நாங்க ஒரு நட்டை விட்டுட்டோம்னா ஆளு காலி தம்பி. இவ ஒரு புள்ளிய விட்டா என்ன ஆகப் போகுது? யாராவது சாவாங்களா?"

"ஒண்ணும் ஆகாதுங்க. அதனாலதான் நான் படுத்தவுடனே தூங்குறேன், நீங்க புரண்டுக்கிட்டு இருக்கீங்க" என்பார் அக்கா. நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

அப்படி இருந்தபோதுதான் விபத்து வேலை வந்தது. விடியற்காலை இருட்டில், மழை விட்ட ஈர ரோட்டில், ஒரு சரக்கு வேன் சைக்கிளில் போனவரைப் பின்னாலிருந்து இடித்துவிட்டது. சைக்கிளில் போனவர் ரொட்டி சுடுகிறவர். அடுப்பு மூட்டப் போய்க்கொண்டிருந்தார், போய்ச் சேரவில்லை. வேன் டிரைவர், கிட்டே வரும்வரை தன் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை என்று சொல்லியிருந்தார். டிரைவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை அப்படியே படமாகச் செய்து தரும்படி விசாரணை அலுவலகம் எங்களிடம் கேட்டது. மொத்தம் பன்னிரண்டு நொடி, முந்நூறு தனிப்படங்கள்.

சைக்கிளைச் செய்தவன் நான். நசுங்கிய சைக்கிளின் புகைப்படங்களை நாற்பது கோணத்தில் அனுப்பியிருந்தார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து, நசுங்குவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று செய்தேன். பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தது. பாதி உடைந்திருந்தாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. திருகு இல்லை, கம்பியால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதற்கு மட்டும் அரை நாள் உட்கார்ந்தேன். பட்ட வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதற்கு அதற்குள் சின்னச் சின்னக் கண்ணாடிப் பட்டைகள் இருக்கும், அவற்றைக்கூட விடாமல் செய்தேன். கம்பியின் நாலு சுற்றையும் செய்தேன். பிறகு சைக்கிளைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். மூன்று வாரத்தில் எத்தனையோ சாமான்கள் என் கையைக் கடந்து போயின.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் படத்தைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் மேனேஜர் காலையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அக்காவின் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஈர ரோடு, வேனின் முகப்பு விளக்கு என்று எல்லாம் சேர்ந்ததால் படம் முழுக்க மின்மினி. அக்கா எட்டு நாளாகக் கையால் துடைத்து, ரோட்டையும் மரங்களையும் சுத்தமாக்கியிருந்தார். மிச்சம் இருந்தது ரோட்டின் கடைசியில் வந்து வந்து போகும் சில புள்ளிகள்.

அந்தப் புள்ளிகள் வினோதமானவை. அந்தத் தூரத்தில் ரிஃப்ளெக்டர் ஒரு கடுகு அளவு கூடத் திரையில் வராது. அதனால் எறிந்த கதிர்களில் ஒன்று அதில் பட்டால் அந்தப் படத்தில் பளிச்சிடும், படாவிட்டால் அடுத்த படத்தில் காணாமல் போகும். முந்தைய படம், அடுத்த படம் என்று அக்காவின் முறைப்படி பார்த்தால் அது அச்சு அசல் மின்மினிதான். ஆனால் எல்லாம் சிவப்பாக இருந்தன, ஒரே பக்கத்தில் இருந்தன. அது அக்காவை உறுத்தியிருக்கிறது. அதனால், எப்போதும் செய்வது போல, கேட்டார்.

மணி ஒன்றரை இருக்கும். நான் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஒரு வாஷ்பேசின் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குழாயின் வளைவு காலையிலிருந்து சரியாக வரவில்லை. எனக்கு ஒரு வேலை படியவில்லை என்றால் உலகத்தின் மேலேயே கோபம் வரும்.

"தம்பி, அந்த ரோட்டுக் கடைசியில சிவப்பா ஏதாவது வச்சிருக்கியா?"

ஒரு காதை மட்டும் விடுவித்தேன். "எந்த ரோடுக்கா?"

"வேன் வர்ற ரோடு."

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரே பக்கமா வருது, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"ஈர ரோடுக்கா, மின்மினிதான். வரம்ப வச்சுத் தட்டி விடுங்க."

இவ்வளவுதான் பேச்சு. நான் திரும்பவில்லை. நாற்காலியைச் சுழற்றினால் அவர் திரை தெரியும். ஒரு பார்வை பார்த்திருந்தால் அந்த இடத்தில்தான் சைக்கிள் வருகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கும். கையிலிருந்த குழாயை விட்டுவிட மனமில்லை.

அக்கா உச்சவரம்பு வைத்தார். தூரத்துச் சிவப்பு முழுக்க மறைந்தது. சைக்கிள் கிட்டே வந்த பிறகும், பளீரென்று திருப்பி அடிக்க வேண்டிய ரிஃப்ளெக்டர், வரம்புக்குக் கட்டுப்பட்டு, மங்கிய செங்கல் நிறத்தில் செத்துப்போய்க் கிடந்தது. அனுப்புவதற்கு முன் சாமான் செய்தவர், விளக்கு வைத்தவர், துடைத்தவர் என்று மூன்று பேரும் படத்தை முழுக்கப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் தாளை நீட்டினார். படத்தைப் பார்க்காமலே போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை முடிந்தது என்றும், படம் சுத்தமாக இருந்ததாகப் பாராட்டினார்கள் என்றும் மேனேஜர் சொன்னார். ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கி வைத்தார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அதற்கு நாலு மாதம் கழித்து, ஒரு காலையில், இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு பெண் கதவருகே வந்து நின்றாள். மருந்துக்கடை ஒன்றின் பெயர் தைத்த சட்டை போட்டிருந்தாள்.

"பல் டாக்டர் ஒரு மாடி கீழ" என்றேன், தலையைத் தூக்காமல்.

"இல்லண்ணா. படம் செய்யிற இடத்துக்குத்தான் வந்தேன்."

ரொட்டிக்காரரின் மகள். எங்கள் விலாசத்தை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பார்த்து வந்திருந்தாள். மேனேஜர் வந்து, படம் விசாரணை அலுவலகத்தின் சொத்து, வெளியாட்களுக்குக் காட்ட முடியாது என்று பதமாகச் சொன்னார்.

"படம் வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும்" என்றாள். "அப்பா சைக்கிள்ல ரிஃப்ளெக்டரைக் கட்டினது நான்தான். திருகு தொலைஞ்சு போச்சு, அதனால கம்பி வச்சுக் கட்டினேன். அது கீழ பார்த்துச் சாய்ஞ்சிருந்துச்சு, அதான் வெளிச்சம் அடிக்கலன்னு, உங்க படத்த வச்சு அறிக்கையில எழுதியிருக்காங்க. எவ்ளோ சாய்ஞ்சிருந்துச்சுன்னு உங்க படத்துல அளந்து சொல்ல முடியுமா?"

மேனேஜருக்குப் புரியவில்லை. "அத தெரிஞ்சு என்னம்மா செய்யப் போறீங்க?"

"கொஞ்சம்தான்னா, நான் ரொம்ப அலட்சியமா கட்டலன்னு அம்மாகிட்ட சொல்லலாம்."

நாலு சுற்றுக் கம்பி அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது சாய்ந்திருக்கவில்லை. நாற்பது புகைப்படத்திலும் அது நேராகத்தான் இருந்தது, நான் நேராகத்தான் செய்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். மேனேஜர் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தார். அவள் படியிறங்கும் சத்தம் பல் டாக்டர் மாடி வரைக்கும் கேட்டது.

என் முதுகுக்குப் பின்னால் அக்காவின் மவுஸ் சத்தம் ஆரம்பித்தது. துடைப்பதற்கு முந்தைய படங்களை ஒரு வருடம் வைத்திருப்போம். அவற்றைத் தேடி எடுக்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அரை மணி நேரம் கழித்துச் சத்தம் நின்றது.

"தம்பி, இங்க வா."

முந்நூறு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தார். நிஜ மின்மினிகள் ரோடெங்கும் மாவு சிந்தியது போலச் சிதறிக் கிடந்தன. சிவப்புப் புள்ளிகள் மட்டும் சிதறவில்லை. ரோட்டின் கடைசியிலிருந்து சைக்கிள் இருந்த இடம் வரைக்கும் கோடு போட்டது போல ஒன்றையடுத்து ஒன்றாக வந்தன. தனித்தனியாகப் பார்த்தபோது பொய்யாக இருந்தது, சேர்த்துப் பார்த்தால் ஒரு மனிதர் சைக்கிளில் போனது தெரிந்தது.

"கம்பியக் கூட எவ்ளோ அழகா செஞ்சிருக்க" என்றார் அக்கா. அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அந்த வெள்ளிக்கிழமை ஒன்றரை மணியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அக்காவால் துடைக்க முடியவில்லை. ஒரு குளியலறைப் படத்தில் சுவர் டைல்ஸில் ஒரு வெள்ளைப் புள்ளி. கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும் அது மின்மினி என்று. அதைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனார். "இது உன்னுதா? நல்லா பாத்துச் சொல்லு. நீ வைக்கலையே?" விளக்கு வைக்கிறவர் சலித்துக்கொண்டார். என் மேசைக்கும் வந்தார். நான் எழுந்து நின்று, தாளை வெளிச்சத்தில் பிடித்து, அது நான் வைத்தது இல்லை என்று சொன்னேன். அவர் அடுத்த புள்ளியோடு திரும்ப வந்தார். ஒரு நாளைக்கு நாற்பது படம் முடிக்கிறவர் மூன்று முடித்தார்.

அடுத்த வாரம் அவர் மேனேஜர் அறைக்குப் போனார். அறை என்றால் இடுப்புயரக் கண்ணாடித் தடுப்புதான், எல்லாம் கேட்கும்.

"அறிக்கை வந்து ஃபைல் மூடியாச்சு. இப்பப் போய் எதுக்குக் கிளறுறீங்க?"

"மூடினது அவங்க சார். துடைச்சது நான். நான் எழுதித்தான் ஆகணும்."

"கம்பெனி பேரு கெடும்."

"கம்பெனி பேரு போட வேணாம். என் பேரு போடுறேன்."

"யார்கிட்டயும் கேக்காமலா செஞ்சீங்க? கேட்டுத்தானே செய்வீங்க எப்பவும்?"

கண்ணாடித் தடுப்பு வழியாக அக்கா என் தலையின் பின்பக்கத்தைப் பார்க்க முடியும். நான் விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

"முடிவு என்னுதுதான் சார்" என்றார்.

எழுந்து போய்ச் சொல்ல எட்டு அடி தூரம்தான். எனக்கு வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள், என் ஒருத்தன் வேலையை நம்பித்தான் வீடு ஓடுகிறது என்று காரணம் தேடினேன். காரணங்களுக்கு என்ன பஞ்சம். அக்காவுக்கும் வீடு இருந்தது, அதை நான் நினைக்கவில்லை. அவருடைய கடிதம் விசாரணை அலுவலகத்துக்குப் போனது. அவர்கள் படத்தைத் திரும்பச் செய்து தரச் சொன்னார்கள். மேனேஜர் அக்காவை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். அன்றைக்கு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கை மட்டும் விட்டுவிட்டு. அவள் "பாவம் அந்தக்கா" என்றாள். நானும் "பாவம்தான்" என்றேன்.

படத்தைத் திரும்பச் செய்தபோது உச்சவரம்பு இல்லை. ஆறு மடங்குக் கதிர்களை எறியவிட்டு, ஐந்து நாள் கணினியை ஓடவிட்டோம். வேன் டிரைவர் பார்த்தாரா, பார்த்தும் நிறுத்தவில்லையா, அவர் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது, அது எங்கள் வேலையும் இல்லை. அங்கே இருந்ததைக் காட்டுவதுதான் எங்கள் வேலை. அதைத்தான் முதல் தடவை செய்யத் தவறினோம்.

புதிய படத்தை மகளுக்குக் காட்ட விசாரணை அதிகாரியே அனுமதி கொடுத்தார். "என்கூட வர்றியா?" என்று அக்கா கேட்டார். "எனக்கு அந்த லேப்டாப்ப சரியா ஓட்டத் தெரியாது." பதினெட்டு வருடம் கணினியில் வேலை பார்த்தவருக்கு லேப்டாப் ஓட்டத் தெரியாதாம். அவருக்குத் தனியாகப் போகப் பயம். எனக்குப் போகவே பயம். போனேன்.

ஞாயிறு காலை பதினொரு மணி. முதல் மாடியில் சின்ன வீடு. கூடத்தில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஜன்னல் விளிம்பில் மருந்து டப்பாவில் பேனாக்களோடு ஒரு குறடு. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. "அம்மா படுத்திருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "உங்க அப்பா விபத்துப் படத்துல அந்த ரிஃப்ளெக்டர் வெளிச்சத்த அழிச்சது நான்மா. மின்மினின்னு நினைச்சு அழிச்சுட்டேன்" என்று தொடங்கி, மின்மினி என்றால் என்ன, வரம்பு என்றால் என்ன என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது மேசையில் இல்லாத கறையைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் படத்தை ஓட்டினேன்.

இருட்டு ரோடு. முதல் நொடி முடிவதற்குள் தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அதற்குப் பிறகு அது அணையவே இல்லை. பெரிதாகிக்கொண்டே வந்தது. இடிக்கும் இடத்துக்கு முன்பே படத்தை நிறுத்தினேன்.

"திரும்பப் போடுங்கண்ணா."

மூன்று தடவை போட்டேன்.

"எவ்ளோ தூரத்துல இருந்து தெரியுது?"

"நூத்து இருபது மீட்டர்" என்றேன்.

"அப்ப நேராத்தான் இருந்துச்சு."

"நேராத்தான்மா இருந்துச்சு. நாலு சுத்துக் கம்பி. இம்மி அசையல" என்றார் அக்கா.

அவள் சத்தமில்லாமல் அழுதாள். "அறிக்கை வந்ததுல இருந்து அம்மா என்கிட்ட முகம் குடுத்துப் பேசலக்கா. நானும் நான்தான்னு நம்பிட்டேன். கம்பியக் கட்டின அந்தக் குறட்டத் தொடக்கூட முடியல" என்றாள். அக்காவும் அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, திரையில் நின்றிருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவை நேராகப் பார்த்தாள்.

"எப்படிக்கா அழிச்சீங்க? ஒரே இடத்துல வருதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. பக்கத்துல இருக்கிற யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கை அவர் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கேக்கலம்மா" என்றார் அக்கா. "தப்புத்தான்."

விடைபெற்றுக்கொண்டு கீழே இறங்கினோம். தெருவில் நல்ல வெயில். அக்கா தூரத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

"ஏன்க்கா கேக்கலன்னு சொன்னீங்க? உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"ஏன் இல்லாம? நீ வாஷ்பேசின் குழாய் செஞ்சுக்கிட்டு இருந்த."

"அப்புறம் ஏன்?"

"நீ திரும்பிப் பாக்காம பதில் சொல்றேன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. தெரிஞ்சுதான் எடுத்துக்கிட்டேன். மூணு மணிக்குக் குடுக்கணும்ல. எனக்கு வேண்டியிருந்த பதில நீ சொன்ன." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "உன்ன மாட்டிவிட்டு எனக்கு என்ன ஆகப் போகுது? புள்ளக்குட்டிக்காரன். விடு."

அவர் சொன்னதில் கோபமே இல்லை. அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து நான் வேண்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு சொல்தான், விடு. அது கிடைத்ததும் வேண்டாமென்று இருந்தது. என்னையும் அவர் துடைத்துவிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பஸ் வருது, வா" என்றார்.

"நீங்க போங்கக்கா. நான் அப்புறம் வர்றேன்."

திரும்பிப் படியேறினேன். கதவைத் தட்டினேன். இந்தத் தடவை கதவைத் திறந்த பெண்ணுக்குப் பின்னால், மேசையருகே, ஒரு அம்மா நின்றிருந்தார். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அம்மாவின் கை மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் இருந்தது.

"என்னண்ணா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"அந்தக்கா கேட்டாங்கம்மா" என்றேன். "என்கிட்டதான் கேட்டாங்க, ரெண்டு தடவ. சைக்கிள்ல அத வச்சதும் நான்தான். அங்க ஒண்ணும் வைக்கலன்னு சொன்னதும் நான்தான்."